அழிரப்பர் அவர்கள் கையில்

போன மாதம் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். புதிதாகக் கள வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சியாம். தலைப்பு 'ஆய்வு நெறிமுறை'. ஓய்வு பெற்று ஒரு வருடமாக என் பேச்சைக் கேட்க வீட்டில் ஆளில்லாமல் இருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? முகச்சவரம் செய்து, மடிப்புக் கலையாத சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பிள்ளை தன் கையிலிருந்த தொடுதிரை டெப்பைக் காட்டினாள். கேள்விகளெல்லாம் அதற்குள்ளே இருக்கின்றன. முதலில் ஒரு பந்தி வரும். அதை வாசித்துக் காட்டி, பதில் சொல்பவரின் விரலால் 'சம்மதம்' என்ற பெட்டியைத் தொடவைக்க வேண்டும். தொட்டால்தான் மற்றக் கேள்விகள் திறக்கும்.

"எல்லாம் சொல்லி முடிச்ச பிறகு, ஐயோ அதைச் சொல்லியிரிக்கக் கூடாது எண்டு அவங்க நினைச்சா?" என்று கேட்டேன்.

பிள்ளை டெப்பை அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தாள். "திரும்பிப் போறதுக்கு இதில இடம் இல்ல சேர்."

அரை மணி நேரம் பகிடி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கேக்கும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றும்போதுதான், சொல்லவேண்டிய ஒரே விசயத்தைச் சொல்லாமல் வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்புக்கு இரண்டு வரி போதும். சண்டைக் காலத்தில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். வகுப்பு நடந்த நாட்களைவிட நடக்காத நாட்கள் கூட. மூன்றாம் வருடத்தோடு வீட்டுக்கு வந்தவன், ஒரு நிவாரண நிறுவனத்தில் கள உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டேன். நேர்முகத்தில் இரண்டே கேள்விகள்: சைக்கிள் இருக்கிறதா, கையால் நேர்கோடு கீற வருமா. இரண்டும் இருந்தன. பயம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதிலும் முதலிடம் எனக்குத்தான். சோதனைச் சாவடிகளில் கையைத் தூக்கித் தூக்கி, யாராவது கையை அசைத்தாலே என் கைகள் இரண்டும் தானாக மேலே போய்விடும். ஒருமுறை தபால்காரர் சைக்கிளை நிறுத்தக் கையைக் காட்டியபோது, நடுத்தெருவில் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் கடிதத்தை என் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

என் மேலாளர் ஐரீன் மிஸ். மட்டக்களப்புப் பட்டினத்துப் பறங்கிக் குடும்பம். எப்போதும் கவுன், கையில் குடை, தோளில் துணிப்பை. மானிடவியல் படித்தவர். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டபோது எலும்புகளைத் தோண்டுகிற படிப்பு என்று நினைத்தேன். "எலும்பு இல்ல. ஆக்கள் எப்பிடி ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகுறாங்க எண்ட படிப்பு" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். கடைசியில் உதடு மட்டும் அசையும். அது மிகவும் ஆபத்தான கட்டம்.

அவருடைய முறைகள் சில. இரு என்று சொல்லும்வரை இருக்கக் கூடாது. தந்ததைக் குடிக்க வேண்டும். பென்சிலால் மட்டுந்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும், எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கத் தொடங்கும் முன் ஓர் அழிரப்பரை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். "உங்களுக்கு வேண்டாம் எண்டு படுறதை நீங்களே அழிச்சிருங்க" என்று சொல்ல வேண்டும். அழித்தால் ஏன் என்று கேட்கக் கூடாது.

"பென்சில் எங்கட கையில. அழிரப்பர் அவங்கட கையில. அவ்வளவுதான் என்ட படிப்பு" என்பார்.

உறவுப் படம் கீறுவதற்கும் விதி உண்டு. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. வீட்டில் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. "ஒருத்தன் ஏன் வீட்டில இல்ல எண்டது எங்கட கேள்வி இல்ல. முக்கோணத்தைச் சும்மா விடு." அந்த விதியின் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்களுக்கு வந்த வேலை இதுதான். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எரிந்துபோன வீடுகளைத் திருப்பிக் கட்ட எங்கள் நிறுவனம் மரமும் தகரமும் கொடுத்தது. வீடு யாருடையது என்பதற்கு ஒரு படிவம். கொழும்பில் அச்சடித்தது. முதல் வரி, 'குடும்பத் தலைவர் (கணவர்) பெயர்'. பெண்கள் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்கள். இவர்களுக்கு வீடு வேண்டாமாம் என்று கொழும்புக்கு அறிக்கை போயிற்று.

எங்கள் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு முதலில் எழும்ப வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பவர். அந்த வீட்டைக் கணவன் பெயரில் எழுதச் சொல்வது, பக்கத்து ஊர்க்காரன் பெயரில் எழுதச் சொல்வது மாதிரி. இதைக் கொழும்புக்கு விளங்கப்படுத்த, ஒவ்வொரு வீடும் எந்தத் தாயிடமிருந்து எந்த மகளுக்கு வந்தது என்று நாலு தலைமுறைப் படம் வேண்டும் என்றார் ஐரீன் மிஸ். கீறுவது நான்.

அதில் கண்மணியக்காவின் வீடு சிக்கலானது. அவருடைய புருசன் இளையதம்பி அவரை விட்டுவிட்டு வேறு ஊரில் இன்னொருத்தியோடு இருந்தார். ஆனால் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று தன் பெயரைக் கொடுத்து, முதல் ஆளாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். அது நின்றால் வீடு அவருக்கு. கண்மணியக்காவின் மகள் மலருக்குப் பேசி வைத்த கலியாணமும் அதோடு சரி.

நான் போனபோது அவர் கூரைக்குக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்க வந்தவனிடம் அவர் முதலில் கேட்டார்.

"நீ என்ன குடி மனே?"

எங்கள் ஆட்கள் தாய்வழியாக வரும் குடியைக் கேட்டுத்தான் முறை பிடிப்பார்கள். சொன்னேன்.

"அட, நம்மட குடியா? அப்ப நீ எனக்குத் தம்பி முறை. என்ட புள்ளையளுக்கு மாமன். இரு தம்பி, இரு."

ஐரீன் மிஸ் இரண்டு வருடம் படித்ததைக் கண்மணியக்கா இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார்.

படம் நன்றாக வந்தது. பாட்டி, தாய், கண்மணியக்கா, மலர். வீடு வட்டத்திலிருந்து வட்டத்துக்கு இறங்கிக்கொண்டே வந்தது. பாதியில் பென்சில் முனை முறிந்தது. பென்சில் சீவும் கட்டரை அலுவலகத்தில் விட்டிருந்தேன். சேட்டுப் பையில் பேனா இருந்தது. கிழக்கே எழுவான்கரைக்குப் போகிற பாதை, தட்டையான ஓடத்தை அப்படித்தான் சொல்வோம், நாலு மணிக்குக் கடைசி. மணி மூன்றரை. பேனாவை எடுத்தேன்.

"மகன்மார், அக்கா?"

"மூத்தவன் வட்டையில நிக்கான், வேளாண்மை காவலுக்கு. ரெண்டாமவன் சுதன்." கிடுகு ஓலையை மடித்தபடியே சொன்னார். "அவன் போயிட்டான்."

அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல் போதும், இயக்கத்துக்கு என்று விளங்கிவிடும். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. சுதனின் முக்கோணத்தை அழகாக, கோடு தாண்டாமல், கறுப்பாக நிரப்பியது. பக்கத்தில் பதினேழு என்று வயதையும் எழுதியது. ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. படம் கீற வருகிறவனுக்கு வெறும் இடத்தைக் கண்டால் கை அரிக்கும் போலிருக்கிறது.

"தம்பி, வாசிச்சுக் காட்டுவீங்களாமே? கையில ரப்பரும் தருவீங்களாமே?"

"நாளைக்கு வந்து வாசிக்கிறன் அக்கா. பாதை போயிரும்."

அழிரப்பர் என் பைக்குள் இருந்தது. எடுக்கவே இல்லை.

எழுவான்கரைத் துறையில் சோதனை. வழக்கம்போலச் சைக்கிளை விட்டேன், கையைத் தூக்கினேன். சைக்கிள் விழுந்தது. அதைப் பிடிக்கக் கையை இறக்கினேன், பயந்து மறுபடி தூக்கினேன், சைக்கிள் மறுபடி விழுந்தது. சிப்பாய் ஒருவன் சிரித்துக்கொண்டே என் பையைப் பிரட்டினான். கொப்பியைத் திறந்தான். முக்கோணமும் வட்டமும் கோடுகளும். அவனுக்குச் சிரிப்பு நின்றது. கொப்பி அதிகாரியிடம் போயிற்று.

அதிகாரி இளைஞர், கண்ணாடிக்காரர். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். எதற்கான வரைபடம் என்று கேட்டார். எந்த முகாமின் வரைபடம் என்று கேட்பதாகத்தான் என் காதில் விழுந்தது. "சாதகம் சேர்" என்றேன்.

"சாதகம் சதுரம். எனக்கும் அம்மா இருக்கு. எனக்கும் சாதகம் இருக்கு" என்றார்.

பிறகு உண்மையைச் சொன்னேன். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவதை விரலால் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. தங்கள் ஊரிலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கும் கலியாணம் உண்டு என்றார். தன் மாமா ஒருவர் அப்படிப் போய், மாமியார் கையில் பட்ட பாட்டைச் சொல்லிச் சிரித்தார். நானும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன். அப்போது அவர் விரல் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

"எல்லாம் வெள்ளை. இது மட்டும் ஏன் கறுப்பு?"

பக்கத்தில் பெயர் இருந்தது. வயது இருந்தது. தாயின் பெயர் இருந்தது. வீடு எங்கே என்பதுகூட இருந்தது. எல்லாம் என் அழகான கையெழுத்தில்.

"செத்துட்டான் சேர்."

"எப்படி?"

"காய்ச்சல்."

"பதினேழு வயசில?"

"பெரிய காய்ச்சல் சேர்."

"உனக்கு என்ன முறை?"

"மருமகன். நான் மாமன்." இது மட்டும் பொய்யில்லை. சொன்னதும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மூக்கும் சேர்ந்துகொண்டது. அது சுத்தமான பயம். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கதிரை போடச் சொன்னார். பிளேன்டீ வந்தது, சீனி தாராளமாக.

பிறகு, அவர் நல்ல மனிதர் என்பதால், ஒரு காரியம் செய்தார். அந்த ஊர்க் குடும்பங்களின் பதிவுப் புத்தகத்தை எடுத்து, சுதனின் பெயரைத் தேடி, தன் கையால் வெட்டினார். கிராம சேவகருக்கும் அறிவித்து விடுவதாகச் சொன்னார். "இனி யாரும் தாயிட்டப் போய் மகன் எங்க எண்டு கேக்க மாட்டாங்க. பாவம்." தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொண்டு, கொப்பியை என் கையில் தந்தார்.

வீடுவரை பாடிக்கொண்டு போனேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

மறுநாள் காலை ஐரீன் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். சைக்கிள் விழுந்தது, சாதகம், மூக்குத் தண்ணீர் எல்லாம். அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எதால கீறினாய்?"

"பேனாவால மிஸ்."

"வாசிச்சுக் காட்டினாயா?"

"இல்ல மிஸ். ஆனா பொடியன் தப்பிட்டான்..."

"அவனைச் சாகடிக்க உனக்கு ஆர் சம்மதம் தந்தது?" குரல் இறங்கிவிட்டது. "தாயிட்டக் கேட்டியா? குடி முறையில நீ மாமன். மாமன் வாயால மருமகன் செத்துட்டான் எண்டு சொல்லிட்டு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்திரிக்கிறாய்."

"எனக்குப் பயம் மிஸ்."

"பயப்பட்டது பிழை இல்ல. எனக்கும் பயந்தான். அந்தப் படம் உன்ட பையில இரிந்ததுதான் பிழை." பிறகு உதடு மட்டும் அசைந்தது. "போய்ச் சொல்லு. வேற ஆரும் சொல்ல முதல் நீ சொல்லு."

முதல் பாதையிலேயே போனேன். அன்றைக்குத் துறையில் எனக்குக் கை தூக்கத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய பயம் அக்கரையில் இருந்தது.

கண்மணியக்கா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். கிடுகு மடியில் அப்படியே கிடந்தது.

"புத்தகத்தில வெட்டிட்டாங்களா?"

"ஓம் அக்கா."

"ஆர் சொன்னதெண்டு எழுதியிரிக்கு?"

"என்ட பேர்."

"மாமன் சொன்னா ஊரே நம்பும்." வாவிப் பக்கம் பார்த்தார். "நான் கிழமைக்கு ரெண்டு தரம் அந்தத் துறையால தயிர் கொண்டு போறன். மறுகா, அவங்க கேட்டா நான் அழ வேணுமா தம்பி? இரிக்கிற புள்ளைக்கு?"

நான் கீழே கிடந்த ஓலைத் துண்டு ஒன்றை எடுத்து மடித்தேன்.

"அந்தப் படத்தை எடு. ரப்பரைத் தா."

பேனாவால் கீறியது அழியாது. இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் கொப்பியை மடியில் வைத்து, கறுப்பு முக்கோணத்தைத் தேய்த்தார். மை பரவியது. மறுபடி தேய்த்தார். தாள் மயிர்விட்டு, மெலிந்து, கடைசியில் கிழிந்தது. சுதன் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாக அவருடைய சீலையின் நிறம் தெரிந்தது. கொப்பியைத் தந்தார். அழிரப்பரை மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த கிழமை அவர் தயிர்ச் சட்டிகளோடு துறையில் இறங்கியபோது நானும் அதே பாதையில் வந்தேன். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார். "அம்மா, மகன் விசயம் கேள்விப்பட்டது. சரியான கவலை." கண்மணியக்கா அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதிகாரி தயிர் வாங்கினார். விலைக்கு மேல் கொடுத்ததைக் கண்மணியக்கா வாங்கவில்லை. பட்டினம்வரை நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். இத்தனை வருட வேலையில் நான் நடந்த ஆக நீளமான பயணம் அந்த இரண்டு மைல் கட்டைதான்.

படத்தை ஐரீன் மிஸ் தன் கையால் திருப்பிக் கீறினார். பென்சிலால். சுதனின் முக்கோணம் வெள்ளையாக, சும்மா. அதைக் கண்மணியக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே மேலே அனுப்பினார். கொழும்போடு கடிதப் போர் ஆறு மாதம் நடந்தது. எங்கள் படிவத்தின் முதல் வரி மாறியது. 'வீடு யாருடைய தாய்வழி?' என்று அச்சாகி வந்தது. வீடு மலர் பெயரில் எழும்பியது. இளையதம்பி வந்து வாசலில் நின்று கத்தினாராம்.

"தலைவர் நான்தான்கா!"

"வேலிக்கு அங்கால நிண்டு தலைவரா இரி" என்றாராம் கண்மணியக்கா. மலரின் கலியாணத்துக்குப் போனேன். பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தேன்.

சில வருடங்கள் கழித்து, சண்டை நின்று வீதிகள் திறந்திருந்த ஒரு காலத்தில், அலுவலக வாசலில் கண்மணியக்கா நின்றார். பக்கத்தில் உயரமாக, மெலிந்த ஓர் இளைஞன்.

"இவர்தான் மாமாவா?" என்று கேட்டான். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "காய்ச்சல் இப்ப எப்பிடி இரிக்கு எண்டு கேக்கல்லியா மாமா?"

நான் சிரிக்கப் போய், சிரிப்பு வேறெங்கோ போய் முடிந்தது. இந்த முறை பயம் இல்லை. எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவாவது படித்திருந்தேன்.

அவனுக்கு அடையாள அட்டை வேண்டும். கிராம சேவகரின் பதிவு இடாப்பில் அவன் இறந்தவன். தகவல் தந்தவர் நான். சொன்னது பொய் என்று நானே சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பட்டினத்தில் ஒரு சமாதான நீதவானிடம் போனோம். வயதானவர், அவசரக்காரர். கடதாசியைத் தட்டச்சுச் செய்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். நான் சேட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"ஐசே, இது சத்தியக் கடதாசி. பேனாவால போடும்" என்று அதட்டினார். அவருடைய பேனாவை வாங்கிப் போட்டேன். அவர் முத்திரையை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா" என்றார் கண்மணியக்கா. தன் சின்னப் பையைத் திறந்து எதையோ எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். விரலிடுக்கில் தெரிந்தது. ஒரு பக்கம் மை ஏறிக் கறுத்த அழிரப்பர்.

"தம்பி, நீ எழுதினதை இப்ப வாசிச்சுக் காட்டு."

வாசித்தேன். என் பெயர், என் விலாசம், அன்றைக்குத் துறையில் நான் சொன்ன பொய், அதைப் பயத்தால் சொன்னேன் என்பது. கடைசி வரிக்கு வந்தேன். "மேற்படி சுதன் என்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்."

நீதவான் முத்திரையைத் தூக்கினார். கண்மணியக்கா அவரைப் பார்க்கவில்லை.

"அந்தக் கடைசிய இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். கைக்குள் இருந்ததை அவர் பைக்குள் திரும்ப வைத்தார்.

"இன்னொருக்கா."